எழுதினது நான், கத்தினது அவன்

இப்ப போன்ல என்னம்மா சொன்னே? இல்ல, ஒட்டுக் கேக்கல. பக்கத்துல உக்காந்துட்டுக் காதை எங்க கழட்டி வைக்கிறது? உன் சிநேகிதிகிட்ட சொன்னியே, "நீ முன்னாடி போய் துண்டு போட்டு எடம் புடிச்சு வை, நான் அடுத்த பஸ்ல வர்றேன்"னு. சொல்லிட்டு நீயே சிரிச்சியே. அது யாரு வசனம் தெரியுமா?

தாடின்னு நம்ம ஜனங்க கூப்பிடற அந்த ஹாலிவுட் ஹீரோ படத்துல வரும், சரிதான். ஆனா தாடி அமெரிக்காக்காரனாச்சே, அவன் எங்க தமிழ் பேசினான்? ... ஆங், மதியழகன் சார். அப்படித்தான் சொல்லுவே. ஊரே அப்படித்தான் சொல்லுது.

அது நான் எழுதினதும்மா.

பாரு, கண்டக்டரைப் பாக்கறே. எனக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. என் பேரு தமயந்தி. ஹாலிவுட் சண்டைப் படத்துக்கு வசனம் எழுதறவ. அங்க அவங்க இங்கிலீஷ்ல பேசினதை இங்க தமிழ்ல பேச வைக்கிறது என் வேலை. மேல்மருவத்தூர் இன்னும் வரல, மதுரை வரைக்கும் போறதுக்கு நேரம் கெடக்கு. தூக்கம் வந்தா தூங்கு. இல்லன்னா கேளு.

எங்கப்பா ரயில்வே கார்டு. அரக்கோணம் காலனியில இருந்தோம். பக்கத்து வீட்டுல டொரீன் ஆன்ட்டின்னு ஒரு ஆங்கிலோ இந்தியன் அம்மா. அவங்க வீட்டுக்காரரைத் திட்டற இங்கிலீஷ் இருக்கே, அது எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தர மாட்டாங்க. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கத்துக்கிட்டேன். அதுதான் சோறு போட்டுச்சு. சண்டைப் படத்துல வேற என்ன பேசறான்? டொரீன் ஆன்ட்டி பேசினதைத்தான் பேசறான், கையில துப்பாக்கி வச்சுக்கிட்டுப் பேசறான்.

வடபழனியில சம்பத் சார் ஸ்டுடியோவுக்கு டைப் அடிக்கத்தான் போனேன். அப்ப அங்க எழுதிட்டு இருந்தவர் ஒரு புலவர். ஹெலிகாப்டர்லேருந்து ஒத்தைக் கையில தொங்கறவன், "ஐயகோ, நான் வீழ்கிறேன்"ங்கறான். தியேட்டர்ல அழ வேண்டிய எடத்துல சிரிக்கிறாங்க. நான் டைப் அடிக்கிறப்பவே அதை வெட்டிட்டு, "டேய், கையை விடாதடா!"ன்னு போட்டேன். வாய்க்குக் கச்சிதமா உக்காந்துச்சு. அங்க அவன் உதடு ஒட்டுனா இங்கயும் ஒட்டணும், அங்க வாய் தொறந்திருந்தா இங்கயும் தொறந்திருக்கணும். அதான் இந்த வேலையில கஷ்டம். சம்பத் சார் கேட்டார், "யாரு மாத்தினது?" நான்தான்னேன். திட்டுவார்னு பாத்தேன். அடுத்த படத்தை என் கையில குடுத்துட்டார்.

பொம்பளைக்கு எதுக்கு வெட்டு குத்துன்னு எல்லாரும் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரே கேட்டார். எத்தனை பேரைக் கொன்னிருப்பேன்கறே! கடல்ல, பாலத்துல, பறக்கற விமானத்துல. ஒவ்வொருத்தன் சாகறப்பவும் அவன் வாயில ஒரு நல்ல வார்த்தை வச்சு அனுப்பினவ நான். ஆனா படத்துல என் பேரு வராது. அமெரிக்காவுல லைட்டு தூக்கினவன் பேரெல்லாம் ஓடும். தமிழ்ல எழுதினவ பேரு ஓடாது. அதை நான் பெருசா எடுத்துக்கல. சத்தியமா எடுத்துக்கல.

மதி எப்ப வந்தான்னு கேளு. மேலூர்க்காரன். கூட்டத்துல சத்தம் போடறதுக்கு வந்தான். வில்லனோட அடியாளுங்க குண்டு வாங்கி விழுவானுங்க இல்ல, அவனுங்களுக்குக் குரல் குடுக்கற வேலை. நாள் பூரா செத்துக்கிட்டே இருக்கணும். ஒருநாள் ஒருத்தன் படியில உருண்டு சாகறான். இவன் "அம்மா"ன்னான். கத்தக்கூட இல்ல. மெதுவாத்தான் சொன்னான். எனக்குக் கையில முடி நட்டுக்கிச்சு. நேரா சம்பத் சார்கிட்டப் போய், தாடிக்கு இவனைப் போடுங்கன்னேன். "நாக்குல ழகரம் வரலையேம்மா"ன்னார். ஆமா, வராது. அவன் பேரே மதியழகன். மதியளகன்னுதான் சொல்லுவான். பெத்தவங்க வச்ச பேரையே சொல்ல வராதவன். பரவால்ல சார், நான் ழ இல்லாம எழுதித் தர்றேன்னேன்.

எழுதினேன்ம்மா. வருஷக்கணக்கா எழுதினேன். வாழ்க்கை வர்ற எடத்துல பொழப்புன்னு எழுதினா அதுலயும் ழ நிக்குது. உசுருன்னு போடுவேன். விழுந்துட்டான்கறதுக்கு சாஞ்சுட்டான். அழாதேங்கறதுக்குக் கண்ணைத் துடை. ஒரு எழுத்தை ஒளிச்சு வச்சு ஒருத்தனை ஆளாக்கினேன். அவனும் அக்கா அக்கான்னு என் டிபன் பாக்ஸைத் தொறந்து புளிசாதத்தை வழிச்சுத் தின்னுட்டு, "அக்கா, நீ எழுதினா எனக்கு வாயே வலிக்க மாட்டேங்குது"ம்பான்.

அப்பத்தான் அந்தப் படம். தாடி வில்லனை மொட்டை மாடி விளிம்புல நிறுத்தியிருக்கான். இங்கிலீஷ்ல, நரகத்துல பாக்கலாம்னு ஒரு வரி. அவ்வளவுதான். நான் ரெண்டு நாள் அந்த வரியோட கெடந்தேன். மூணாம் நாள் கோயம்பேட்டுல ஒரு ஆளு ஜன்னல் வழியா துண்டைப் போட்டுட்டு ஓடி வந்து ஏறினான். வந்துடுச்சு. "நரகத்துல துண்டு போட்டு எடம் புடிச்சு வை. நான் அடுத்த பஸ்ல வர்றேன்." மதி படிச்சுட்டு உக்காந்துட்டான். "அக்கா, இதுக்குத் தியேட்டர்ல சீட்டைக் கிழிப்பானுங்க"ன்னான். கிழிச்சானுங்க. ஆட்டோ முதுகுல எழுதினானுங்க. சட்டசபையில ஒருத்தர் பேசினார். கல்யாண வீட்டுப் பந்தியில சொன்னானுங்க.

பொங்கலுக்கு டிவியில மதியைக் கூப்பிட்டாங்க. எங்க அபார்ட்மென்ட்ல மேல் மாடி கீழ் மாடி எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். சுண்டல் பண்ணி வச்சேன். என் பேரைச் சொல்லுவான், பாருங்கன்னேன். பேட்டி எடுக்கற பொண்ணு கேக்குது, "சார், அந்தத் துண்டு டயலாக் எப்படி வந்துச்சு?" இவன் காலு மேல காலு போட்டுக்கிட்டான். "பேப்பர்ல 'நரகத்தில் சந்திப்போம்'னுதான் இருந்துச்சு. மைக் முன்னாடி நின்னேன். தானா வந்துடுச்சு."

தானா வந்துடுச்சாம்.

கீழ் வீட்டு சரோஜினி சுண்டலை மென்னுக்கிட்டே கேட்டா, "அப்ப நீங்க அங்க என்னக்கா, டைப் அடிக்கிறீங்களா?"

மறுநாள் கேட்டேன். "ஒரு ஃப்ளோல வந்துடுச்சுக்கா. அடுத்த தடவை சொல்லிடறேன்." அடுத்த தடவை வந்துச்சு. அதுக்கு அடுத்த தடவையும் வந்துச்சு. சொல்லல. கொஞ்ச நாள் கழிச்சு அக்கா போய் மேடம் ஆயிட்டேன். மேடம்! என் சோத்தைத் தின்னவன். அந்த மேடத்தைக் கேட்ட அன்னிக்கு முடிவு பண்ணேன்ம்மா.

என்ன பண்ணேன்கறே? ஒளிச்சு வச்சிருந்த எழுத்தை வெளிய எடுத்தேன்.

அடுத்த படம். தாடி சொல்றான்: "ஏழு கிழமையும் என் நிழல் உன் பின்னாடி விழும்டா, கோழை! மழையில அழிஞ்சாலும் மறுபடி எழும்!" சம்பத் சார் படிச்சுட்டு, "ஆஹா, என்ன தமிழ்"ன்னார். மதி பேப்பரைப் பாத்தான். என்னைப் பாத்தான். நான் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். மைக்ல போய் நின்னு, "ஏளு கிளமையும் என் நிளல்"னான். திரும்ப எடுத்தாங்க. திரும்ப எடுத்தாங்க. காலையில ஆரம்பிச்சது சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு வரி. கூட்டத்துல சத்தம் போட வந்த பசங்க வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடறானுங்க. மதி சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு. நான் உள்ள உக்காந்து ஒரு முழு டம்ளர் காப்பி ருசிச்சுக் குடிச்சேன். அந்த மாதிரி காப்பி நான் குடிச்சதே இல்ல.

படத்துக்குப் படம் அப்படித்தான். கழுத்து, கழுகு, பழி, குழி. பழிங்கற வார்த்தையை அவன் பளி பளின்னு சொல்றப்ப எனக்கு எப்படி இனிக்கும் தெரியுமா?

ஆனா பாரு, அவன் என்ன பண்ணான். கத்துக்கிட்டான்! ஸ்டுடியோவுக்குக் கார்ல வந்துட்டு இருந்தவன் பஸ்ல வர ஆரம்பிச்சான். வழியெல்லாம் போர்டு படிக்கிறது. புழல், பழவந்தாங்கல், சோழிங்கநல்லூர், கீழ்ப்பாக்கம். சத்தமா படிப்பானாம். பைத்தியம்னு நெனைச்சு பக்கத்துல இருக்கறவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்களாம். ஒருநாள் வந்தான், மைக்ல நின்னான், "விழுந்தாலும் எழுவேன், எழுந்தா உன்னை அழிப்பேன்"னான். அட்சர சுத்தம். ஒரே டேக். சம்பத் சார் ஓடிவந்து கட்டிப் புடிச்சுக்கிட்டார்.

அப்புறம் என்ன? தமிழ் உச்சரிப்புன்னா மதியழகன். பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டிக்கு நடுவர். மேடையில பொன்னாடை போர்த்தி மாலை போட்டு உக்கார வச்சாங்க. நாக்கைப் பழக்கினது நானு. பொன்னாடை அவனுக்கு. நல்லது செய்யணும்னு நெனைச்சு செஞ்சாலும் அவனுக்குப் போகுது, கெட்டது செய்யணும்னு நெனைச்சு செஞ்சாலும் அவனுக்கே போகுது. எந்தப் பொம்பளைதான் தாங்குவா?

அதனால ரெண்டாவதா ஒண்ணு செஞ்சேன். இந்த வேலையில ஒரு வசதி இருக்கும்மா. ஹீரோ முதுகு காட்டினா வாய் தெரியாது. வாய் தெரியலன்னா நாம என்ன வேணா பேச வைக்கலாம். சண்டைப் படத்துல முக்கால்வாசி நேரம் முதுகுதான். ஓடறான், தாவறான், புகைக்குள்ள போறான். ஒரிஜினல்ல அவன் சும்மா ஓடுவான். நான் சும்மா ஓட விடல. "குண்டுடா! கீழ படு! வண்டியை எடு! டேய்! டேய்!" அத்தனையும் தொண்டை கிழியக் கத்தணும். அப்படித்தான் ஓரத்துல குறிப்பு எழுதி வைப்பேன்.

"மேடம், இந்த எடத்துல அவன் பேசவே இல்லையே?"ன்னான்.

"தமிழ் ஜனங்களுக்குச் சத்தம் வேணும்"னேன்.

ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் போய்க் கத்தினான். கத்த மாட்டேன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? யாரு தடுத்தா? நானா கத்தினேன்? எழுதினது நான், கத்தினது அவன். எழுதறது என் வேலை, கத்தறது அவன் வேலை. இதைப் பல பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

படம் ஓடுச்சு. சத்தம் ஜனங்களுக்குப் புடிச்சுப் போச்சு. இவன் ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி, வாயில பனங்கற்கண்டு, கழுத்துல மப்ளர்னு வர ஆரம்பிச்சான். பேசறப்ப நடுவுல குரல் காணாம போகும், திரும்ப வரும். மழைக்கால ரேடியோ மாதிரி. ஒருநாள் வராந்தாவுல என்னை நிறுத்தினான்.

"அக்கா"ன்னான்.

எத்தனை வருஷம் கழிச்சு! தொண்டை கெட்டதும் அக்கா வந்துட்டா பாத்தியா?

"டாக்டர்கிட்டப் போனேன்க்கா. குரல் வர்ற எடத்துல கொப்புளம் மாதிரி இருக்காம். ஒரு மாசம் வாயே தொறக்கக் கூடாதுங்கறார். படம் அமெரிக்காவுல வர்ற அன்னிக்கே இங்கயும் வரணும், தள்ள முடியாதுங்கறார் சம்பத் சார். இந்தப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா எழுதேன்."

பாக்கலாம்னேன்.

வீட்டுக்குப் போய் உக்காந்தேன். கடைசிக் காட்சி. தாடியோட கூட்டாளி சாகறான். ஒரிஜினல்ல தாடி ஒண்ணுமே பேசல. நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், தோள் மட்டும் குலுங்குது. அவ்வளவுதான். அப்படியே விட்டிருக்கலாம்னு கேக்கறியா? விட்டிருக்கலாம். ஆனா முதுகு இருக்கே, அகலமா, கண்ணு முன்னாடி. அந்த முதுகுல எழுதினேன். "எந்திரிடா! டேய், எந்திரி! என்னைத் தனியா விட்டுட்டு எங்கடா போற? உன் பொண்டாட்டி கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு நிப்பாளேடா, அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? எந்திரிடா!" அத்தனையும் உச்சத்துல.

நல்லா எழுதிட்டேன்ம்மா. அதைச் சொல்லியாகணும். கோபத்துல எழுதினது, ஆனா நல்லா வந்துடுச்சு.

அவன் படிச்சான். விளக்கை அணைக்கச் சொன்னான். ஒரே டேக். ஸ்டுடியோவுல இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. சம்பத் சார் கர்சீப்பை எடுத்துட்டார். கடைசி "எந்திரிடா" பாதியில நின்னுச்சு. வாய் தொறந்திருக்கு, சத்தம் வரல. அதை நடிப்புன்னு நெனைச்சு எல்லாரும் கை தட்டினாங்க. நான் தட்டல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அறுவை சிகிச்சை பண்ணாங்க. திரும்பி வரல. காத்து மட்டும் வருது. காதை வாய்கிட்ட கொண்டு போனாத்தான் கேக்கும். அவன் பொண்டாட்டி பூங்கோதை வீட்டைக் காலி பண்ணிட்டு அவனை மேலூருக்கே கூட்டிட்டுப் போயிட்டா.

ஜெயிச்சேன்ல? ஜெயிச்சேன். அதுல சந்தேகம் இல்ல.

தாடிக்கு ரேடியோவுலேருந்து ஒருத்தனைக் கொண்டு வந்தாங்க. நல்ல குரல். ஆனா என் வசனம் அவன் வாயில செருப்பு மாத்திப் போட்ட மாதிரி இருந்துச்சு. படம் ஓடல. பழைய மாதிரி எழுதுங்கம்மான்னார் சம்பத் சார். நான் பழைய மாதிரிதான் எழுதினேன். படத்தை இங்க வெளியிடற மும்பைக்காரங்க வேலையை வேற ஸ்டுடியோவுக்குக் குடுத்துட்டாங்க. என்னைக் கூப்பிடறதும் நின்னுச்சு.

சும்மா உக்காந்தப்பத்தான் எனக்குத் தோணுச்சு. பழியைத் தீத்துட்டோம், பேரு வரலையே? யூடியூப் சேனல் ஒண்ணுக்குப் போனேன். அந்த வசனமெல்லாம் நான் எழுதினதுன்னேன். அங்க இருந்தவன் மரியாதையாத்தான் கேட்டான். "எல்லாரும் இப்படிச் சொல்லிக்கிட்டு வர்றாங்கம்மா. மதி சார் ஒரு வார்த்தை அவர் வாயால சொல்லட்டும், போட்டுடறோம்." சம்பத் சார்கிட்டக் கேட்டேன். "பழசைக் கெளறாதேம்மா, பாவம் அவன்"னு போனை வச்சுட்டார்.

போனேன், மேலூருக்கு. பூங்கோதை வாங்கன்னு சொல்லல. அவன்தான் கையைக் காட்டி உக்காரச் சொன்னான். எளைச்சுப் போயிட்டான். கிட்டப் போனேன். அவன்தான் முதல்ல சொன்னான், காத்துல.

"நீ வேணும்னேதான் கத்த வச்சேன்னு எனக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சும் ஏன்டா கத்தினே?"

"வசனம் நல்லா இருந்துச்சே."

கேளும்மா. நல்லா இருந்துச்சாம். இத்தனை வருஷத்துல எழுத்து நல்லாருக்குன்னு எவனாவது எங்கிட்டச் சொல்லியிருக்கானா? டிவியில ஊரே பாக்கறப்ப சொல்ல வேண்டியதை, எனக்கே பாதி கேக்காத குரல்ல சொல்றான். உள்ள பூங்கோதை மிக்ஸி ஓட்டறா. நான் போனை எடுத்து ரெக்கார்டு போட்டு அவன் வாய்கிட்ட வச்சேன். "துண்டு வசனம் யாரு எழுதினதுன்னு சொல்லு." தலையை ஆட்டினான். சொன்னான். என் பேரைச் சொன்னான், அரக்கோணம் தமயந்தி அக்கான்னு முழுசா சொன்னான். உதடு அசையறதை என் கண்ணால பாத்தேன். உதட்டைப் படிக்கிறது என் தொழிலாச்சே. போட்டுக் கேட்டேன். மிக்ஸி சத்தம். மிக்ஸி நின்னப்புறம் ஃபேன் சத்தம்.

"சத்தமா சொல்லுடா"ன்னேன். "ஒரே ஒரு தடவை. சத்தமா!"

வாயைத் தொறந்தான். கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிச்சு. பூங்கோதை ஓடி வந்து, "அவரை விடுங்கம்மா"ன்னு என் கையைத் தட்டி விட்டா. அவன் அவளை நிறுத்திட்டு, பேனா குடு, எழுதித் தர்றேன்னு சைகை காட்டினான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! எழுதித் தர்றானாம். எழுத்து யாருக்குடா வேணும்? எழுத்தை எவன் நம்பறான்? எழுத்து என் வீட்டுப் பரண் மேல மூட்டை மூட்டையா கெடக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என்னைப் பழி வாங்கிட்டான் பாத்தியா? குரல் இருந்தப்ப சொல்லல. சொல்ல வந்தப்ப குரல் இல்ல. வஞ்சகம் புடிச்சவன்.

இப்ப அங்கதான் போறேன். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போறதுதான். இந்தப் பையில என்னன்னு பாக்கறியா? அதிமதுரம், சித்தரத்தை, கொல்லிமலைத் தேன். பக்குவமா காச்சி நானே பக்கத்துல நின்னு குடிக்க வைப்பேன். பூங்கோதை மூஞ்சைத் தூக்கி வச்சுக்குவா, வச்சுக்கட்டும். அப்புறம் அவனை உக்கார வச்சு அ, ஆ-ன்னு சொல்லிப் பழக்குவேன். போன தடவை "அ" லேசா கேட்டுச்சு. டாக்டர் நடக்காதுங்கறார். டாக்டருக்கு என்ன தெரியும், ழவையே வர வச்சவன் அவன்.

பாசம்னு நெனைச்சுடாதேம்மா, முகத்தை அப்படி வச்சுக்காதே. என் பேரை அவன் ஒரு தடவை சத்தமா சொல்லணும், அவ்வளவுதான். சொல்லிட்டான்னா, அப்புறம் அந்தத் தொண்டை எக்கேடு கெட்டா எனக்கென்ன?